ட்ராவிஸ் வரைந்த கிதார்: ஒரு நிகழ்வு ஆய்வு

நாஷ்வில் நகரத்தில் உள்ள கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு கிதார் இருக்கிறது. பறவைக் கண்களைப் போன்ற புள்ளிகள் நிறைந்த மேப்பிள் மரத்தில் செய்தது. மெட்டுப் பலகையில் சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்களும் பதித்திருக்கின்றன. உடல் பருமனாக இல்லை, ஒலித்துளையும் இல்லை. தந்திகளை முறுக்கும் ஆறு பிரடைகளும் தலையின் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன.

இன்றைக்குப் பார்ப்பவருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை என்று தோன்றலாம். எந்தக் கடைக்குப் போனாலும் இந்தச் சாயலில் நூறு கிதார்கள் தொங்குகின்றன. ஆனால் இது செய்யப்பட்ட ஆண்டு 1948. அந்த ஆண்டு எந்தக் கடையிலும் இப்படி ஒரு கிதாரை விலைக்கு வாங்க முடியாது. மின்கிதார் என்றால் அன்று பெரும்பாலும் வயிறு பெருத்த பழைய கிதாரின் மேல் காந்தச் சுருள் ஒன்றைப் பொருத்தியதுதான்.

இதைக் காகிதத்தில் வரைந்து கேட்டவர் கிதார் கலைஞர் மெர்ல் ட்ராவிஸ். கையால் செய்துகொடுத்தவர் பால் பிக்ஸ்பி. இதைப் போன்ற ஒன்றைத் தொழிற்சாலையில் செய்து உலகெங்கும் விற்றவர் லியோ ஃபெண்டர். வயிறில்லாத, திட உடல் கொண்ட மின்கிதாருக்கு மூவரில் யாரைக் கண்டுபிடிப்பாளர் என்பது? இந்த வழக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்படுகிறது. பேசுகிறவர்களில் பலர் ட்ராவிஸின் வாழ்க்கையைத் தள்ளிவைத்துவிட்டு மரத்தையும் திருகாணியையும் மட்டுமே பார்க்கிறார்கள் என்பது என் குறை. அவர் எப்படி வாசித்தார், எங்கே வாசித்தார் என்று தெரியாமல் அந்தப் படத்தை அவர் ஏன் வரைந்தார் என்பது விளங்காது.

நிலக்கரி மண்ணும் கட்டைவிரலும்

மெர்ல் ட்ராவிஸ் 1917 நவம்பர் 29 அன்று கென்டக்கி மாநிலத்தின் மூலன்பர்க் மாவட்டத்தில் ரோஸ்வுட் என்ற ஊரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த மண் அது. அப்பா சுரங்கத் தொழிலாளி, பாஞ்சோவும் வாசிப்பார். பையனுக்கு முதல் கிதாரைச் செய்துகொடுத்தது அவனுடைய அண்ணன். கடைக் கிதார் வாங்க வசதியில்லாத வீட்டில், கிதார் என்பது ஒருவர் கையால் செய்யக்கூடிய பொருள் என்ற எண்ணம் அந்தச் சிறுவனுக்கு அப்போதே வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த மாவட்டத்தில் வாசிப்புமுறை ஒன்று கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருந்தது. ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பின இசைக்கலைஞரிடமிருந்து கென்னடி ஜோன்ஸுக்கும், அங்கிருந்து மோஸ் ரேகர், ஐக் எவர்லி ஆகிய சுரங்கத் தொழிலாளர்களுக்கும் அது வந்தது. ட்ராவிஸ் கற்றது ரேகரிடமும் எவர்லியிடமும். கட்டைவிரலில் ஒரு வளையம் மாட்டிக்கொண்டு, அந்த விரல் தடித்த தந்திகளில் மாறி மாறித் தட்டித் தாளத்தையும் அடிச்சுரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கையின் ஓரம் அந்தத் தந்திகளை லேசாக அமுக்கிக்கொண்டிருக்கும். மேல் தந்திகளில் ஆள்காட்டி விரல் மெட்டை வாசிக்கும். கேட்பவருக்கு இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும்.

சின்சினாட்டியின் டபிள்யூ.எல்.டபிள்யூ. வானொலியில் 1930களின் கடைசியில் ட்ராவிஸ் வாசிக்கத் தொடங்கினார். தொலைதூரம் எட்டும் நிலையம் அது. அதைக் கேட்ட இளைஞர்களில் ஒருவர், பின்னாளில் கிதாரில் பெயர்பெற்ற செட் அட்கின்ஸ். ட்ராவிஸின் கையை அவர் பார்த்ததில்லை. ஒலியை மட்டும் வைத்து, இதற்குக் கட்டைவிரலோடு இரண்டு மூன்று விரல்களாவது வேண்டும் என்று முடிவுகட்டி அப்படியே பழகிக்கொண்டார். ட்ராவிஸ் ஒரே ஒரு விரலால்தான் மெட்டை வாசிக்கிறார் என்பது பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. அட்கின்ஸ் தம் மகளுக்கு மெர்ல் என்று பெயரிட்டார். இன்னொரு கிதார் கலைஞரான டாக் வாட்சன் தம் மகனுக்கும் அதே பெயரை வைத்தார். இதைவிடப் பெரிய மரியாதையை ஓர் இசைக்கலைஞன் இன்னொருவனுக்குச் செய்ய முடியுமா, தெரியவில்லை.

நடனக் கூடத்தின் இரைச்சல்

1944இல் ட்ராவிஸ் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார். அங்கே அப்போது ஓங்கியிருந்தது வெஸ்டர்ன் ஸ்விங். 1930களில் டெக்சஸிலும் ஓக்லஹோமாவிலும் மில்டன் பிரவுன், பாப் வில்ஸ் போன்றோர் கிராமத்து ஃபிடில் இசையையும் ஜாஸையும் சேர்த்து உருவாக்கிய நடன இசை அது. போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலைகளிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் வேலை தேடி அந்த மாநில மக்கள் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தபோது இசையும் கூடவே வந்தது. ஸ்பேட் கூலியின் குழு வெனிஸ் கடற்பாலத்தின் கூடத்தில் வாசித்தால் ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும்.

ட்ராவிஸ் இந்த உலகத்தில் நடுநாயகமாக இருந்தார். டெக்ஸ் வில்லியம்ஸ் 1947இல் பாடிப் புகழ்பெற்ற, சிகரெட்டைப் பற்றிய வேடிக்கைப் பாட்டை அவரோடு சேர்ந்து எழுதியவர் ட்ராவிஸ். கேப்பிடல் நிறுவனத்தின் முதல் பத்து லட்சம் பிரதி விற்ற இசைத்தட்டு அதுதான். ட்ராவிஸே பாடிய தட்டுகளும் 1946, 1947இல் பட்டியலின் உச்சிக்குப் போயின. சுரங்கத் தொழிலாளியின் கடன் வாழ்வைச் சொல்லும் ‘சிக்ஸ்டீன் டன்ஸ்’ பாட்டை அவர் பதிவுசெய்ததும் 1946இல்தான். பிற்பாடு 1950களில் ஹாங்க் தாம்சனின் பிராசோஸ் வேலி பாய்ஸ் என்ற பெரிய ஸ்விங் குழுவோடு சேர்ந்து வாசித்தார்.

டிரம்ஸ், ஃபிடில்கள், அக்கார்டியன், சில சமயம் காற்றுக்கருவிகள், ஆடும் ஆயிரம் ஜோடிக் கால்கள். இவற்றுக்கு நடுவில் ஒரு கிதார் காதில் விழ வேண்டும் என்றால் ஆம்ப்ளிஃபயரின் ஒலியைக் கூட்டித்தான் ஆக வேண்டும். கூட்டினால் தொல்லை தொடங்கும். வீணைக்குக் குடம் எதற்கு? தந்தியின் அதிர்வை வாங்கிப் பெருக்கிக் காற்றுக்குக் கொடுப்பதற்கு. கிதாரின் வயிறும் அதற்காகவே இருக்கிறது. ஆனால் வாங்கிக் கொடுக்கத் தெரிந்த பலகை, எதிரில் இருக்கும் ஒலிபெருக்கியின் ஒலியையும் வாங்கிக்கொள்ளும். அந்த அதிர்வு தந்திக்குப் போகும், தந்தியிலிருந்து பிக்கப் எனப்படும் காந்தச் சுருளுக்கு, அங்கிருந்து மறுபடியும் ஒலிபெருக்கிக்கு. இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் கிதார் ஊளையிடும்.

இரண்டாவது தொல்லை இதைவிட நுட்பமானது. எனக்கு இதுதான் இந்த வழக்கின் உயிர்நாடி. தந்தியின் ஆற்றலைப் பலகை விரைவாக வாங்கிக்கொள்வதால், சுரம் பிறந்த வேகத்திலேயே அடங்கிவிடும். நம் இசைச் சொல்லில் சொன்னால், கார்வை இல்லை.

ட்ராவிஸுக்குப் பக்கத்தில் மேடையில் ஸ்டீல் கிதார் கலைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் கிடத்தி, உலோகக் கட்டையைத் தந்தியின் மேல் வழுக்கி வாசிக்கும் கருவி அது. மின்சாரம் முதலில் புகுந்தது இந்தக் கருவியில்தான். டெக்சஸில் பிறந்த ஜார்ஜ் பீச்சம் 1931இல் வடிவமைத்து, 1932 முதல் ரிக்கன்பேக்கர் குழுவினர் செய்து விற்ற ‘ஃபிரையிங் பேன்’ அலுமினியத்தில் வார்த்தது, வயிறே இல்லாதது. காந்தம், அதற்கருகே செம்புக் கம்பிச் சுருள், மேலே எஃகுத் தந்தி. தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் கலைகிறது, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. பலகை அதிர வேண்டிய தேவையே இல்லை. வெஸ்டர்ன் ஸ்விங் குழுவில் மின்சாரம் ஏற்றிய ஸ்டீல் கிதாரை முதலில் இசைத்தட்டில் பதித்தவர் பாப் டன். 1935 ஜனவரியில், மில்டன் பிரவுனின் குழுவில்.

ஸ்டீல் கிதாரில் ஒரு சுரத்தைத் தட்டினால் அது நின்று ஒலிக்கிறது. தன் கிதாரில் தட்டினால் செத்துப்போகிறது. ட்ராவிஸ் இதைக் கவனித்தார். காரணம் வழுக்கும் கட்டையில் இல்லை, திடமான உடலில் இருக்கிறது என்று கண்டுகொண்டார். நின்றுகொண்டு மெட்டுப் பலகையில் விரல் வைத்து வாசிக்கும் கிதாருக்கும் அதே உடல் ஏன் கூடாது? கேள்வி இவ்வளவுதான்.

மோட்டார் சைக்கிள் பட்டறையிலிருந்து

பால் பிக்ஸ்பி 1899இல் பிறந்தவர். இளமையில் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். லாஸ் ஏஞ்சல்ஸில் ஆல் கிராக்கர் நடத்திய மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் பட்டறைப் பொறுப்பாளர். தொழிலால் பேட்டர்ன் செய்பவர். வார்ப்படத் தொழில் தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை புரியும். உலோகத்தில் வார்க்க வேண்டிய உறுப்பை முதலில் மரத்தில், இம்மி பிசகாமல், உலோகம் ஆறிச் சுருங்குவதற்கும் இடம்விட்டுச் செதுக்க வேண்டும். அதை மணலில் அழுத்தி எடுத்த குழியில்தான் உருகிய உலோகம் ஊற்றப்படும். மரம், உலோகம் இரண்டின் குணமும் ஒரே கைக்குத் தெரிந்திருக்க வேண்டிய தொழில். மின்கிதார் செய்ய இதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தோன்றவில்லை.

ட்ராவிஸும் மோட்டார் சைக்கிள் பித்தர். இருவரும் பழகியது அப்படித்தான். ட்ராவிஸிடம் கிப்சன் எல்-10 கிதார் ஒன்று இருந்தது. அதில் டாக் காஃப்மன் வடிவமைத்த வைப்ரோலா என்ற சாதனம் பொருத்தியிருந்தார். கைப்பிடியை அசைத்தால் எல்லாத் தந்திகளும் தளர்ந்து இறுகி சுரம் நடுங்கும். ஆனால் அசைத்துவிட்டு விட்டால் தந்திகள் சுதிக்குத் திரும்பவில்லை. அதைச் சரிசெய்யத்தான் ட்ராவிஸ் முதலில் பிக்ஸ்பியிடம் போனார்.

எதையும் தன்னால் செய்ய முடியும் என்ற தன்னம்பிக்கை பிக்ஸ்பிக்கு. அப்படியானால் நான் வரைவதைச் செய்து தருவாயா என்பது ட்ராவிஸின் கேள்வி. ட்ராவிஸ் கார்ட்டூன் வரைவார், கடிகாரம் பழுதுபார்ப்பார். அவர் வரைந்தது கிறுக்கல் அல்ல. உடல் மெலிந்திருக்க வேண்டும். பிரடைகள் ஆறும் ஒரே பக்கம் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கையைப் பலர் அலங்காரமாக நினைக்கிறார்கள். கிதார் வாசிப்பவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். பக்கத்துக்கு மூன்றாகப் பிரடைகள் இருந்தால், கீழ்ப்பக்கத்து மூன்றைத் திருகக் கை வளைந்து அடியில் போக வேண்டும். இரண்டு பாட்டுகளுக்கு இடையில், பாதி இருட்டில், சுதி சேர்க்கும்போது அது எரிச்சல் மூட்டும். ஒரே பக்கத்தில் இருந்தால் எல்லாம் கட்டைவிரலுக்கு எட்டும். தந்திகளும் நேராகப் போய்ப் பிரடையைச் சேரும்.

பிக்ஸ்பி 1948 மே மாதத்தில் வேலையை முடித்தார். கழுத்தைத் தனியாகச் செய்து ஒட்டவில்லை. கழுத்து மரமே உடலின் நடுவாக நீண்டு கடைசிவரை போகிறது. தந்திகள் உடலைத் துளைத்துக்கொண்டு பின்புறத்தில் போய்ப் பிடித்துக்கொள்கின்றன. பிக்கப்பின் சுருளைச் சுற்றியதும் அவரே, அலுமினிய உறுப்புகளை வார்த்ததும் அவரே. ட்ராவிஸ் அதை மேடைக்குக் கொண்டுபோனார். பார்த்த கிதார் கலைஞர்கள் பிக்ஸ்பியின் வீட்டுக்கு வரிசையாகப் போனார்கள். ஆனால் டவுனியில் இருந்த அந்தப் பட்டறையில் வேலை செய்தது ஏறத்தாழ ஒரே ஆள். கேட்டவர்கள் நெடுநாள் காத்திருந்தார்கள்.

ஃபுல்லர்ட்டனில் இருந்து வந்தவர்

லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. சிறுவயதில் சாக்சஃபோன் கற்றவர். 1938 முதல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். போர்க் காலத்தில் வைப்ரோலாக்காரர் டாக் காஃப்மனோடு கூட்டுச் சேர்ந்து ஸ்டீல் கிதார், ஆம்ப்ளிஃபயர் செய்தார். அவருடைய வாடிக்கையாளர்களில் வெஸ்டர்ன் ஸ்விங் கலைஞர்கள் நிறையப் பேர். நடனக் கூடங்களுக்குப் போய் ஓரமாக நின்று, கருவிகளில் என்ன கோளாறு வருகிறது என்று கவனிப்பது அவர் வழக்கம்.

பின்னாளில் ட்ராவிஸ் சொன்னது இது: ஃபுல்லர்ட்டனுக்குப் பக்கத்து ஊரான பிளசென்ஷியாவில் வாசித்துக்கொண்டிருந்தபோது ஃபெண்டர் என் கிதாரை ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டார், கொடுத்தேன், அடுத்த வாரம் அதைப் போலவே ஒன்றைச் செய்துகொண்டு வந்தார். ஃபெண்டர் இதை ஏற்கவில்லை. ஆறு பிரடைகளை ஒரே பக்கம் வைக்கும் எண்ணம் குரோவேஷிய இசைக்கருவிகளைப் பார்த்து வந்தது என்றார்.

1950இல் ஃபெண்டரின் எஸ்கொயர் வந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் இரண்டு பிக்கப்புகளோடு பிராட்காஸ்டர் வந்தது. கிரெட்ச் நிறுவனம் ஏறத்தாழ அதே பெயரில் டிரம்ஸ் விற்றுக்கொண்டிருந்ததால் 1951இல் பெயர் டெலிகாஸ்டர் ஆயிற்று. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தலையையும் ட்ராவிஸ் கிதாரின் தலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வளைவு தற்செயலாக அமைந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. ஒரே வட்டாரம், ஒரே மேடைகள், ஒரே கலைஞர்கள். ஃபெண்டர் அந்தக் கிதாரைப் பார்த்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பார்த்ததும் நகலெடுத்ததும் ஒன்றல்ல. டெலிகாஸ்டரின் உள்ளே பிக்ஸ்பி இல்லை. ஃபெண்டரின் கழுத்து தனித்துண்டு, நான்கு திருகாணிகளால் உடலோடு இணைக்கப்பட்டது. கழுத்து கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். உடல் ஒரு தட்டையான ஆஷ் பலகை, அச்சு வைத்து எந்திரத்தில் வெட்டக்கூடியது. ஒருவருக்காக ஒரு பொருளைச் செய்தார் பிக்ஸ்பி. எத்தனை பேர் கேட்டாலும் தரக்கூடிய பொருளைச் செய்தார் ஃபெண்டர். ரேடியோ பழுதுபார்த்தவரின் புத்தி அதில் தெரிகிறது: கழற்ற முடியாத எதையும் அவர் விரும்பவில்லை. அதோடு, ட்ராவிஸ் படம் வரைவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஃபெண்டரும் காஃப்மனும் பிக்கப்பைச் சோதிப்பதற்காகத் திட உடல் கொண்ட சிறு கிதார் ஒன்றைச் செய்திருந்தார்கள். அதை உள்ளூர்க் கலைஞர்கள் வாடகைக்கு எடுத்து வாசித்தார்கள்.

இன்னும் பின்னால் போனால் வழக்கில் சாட்சிகள் பெருகுகிறார்கள். ரிக்கன்பேக்கர் 1935இலேயே பேக்கலைட் என்ற பிளாஸ்டிக்கில் கிதார் வார்த்தது. 1930களின் கடைசியில் ஸ்லிங்கர்லேண்ட் நிறுவனம் திட உடல் கிதார் ஒன்றை விற்றது. கிதார் கலைஞர் லெஸ் பால் 1940களின் தொடக்கத்தில் எபிஃபோன் தொழிற்சாலையில் நான்கு அங்குலக் கட்டை ஒன்றில் கழுத்தைப் பொருத்தி, பார்ப்பவர் திருப்திக்காக இரண்டு பக்கமும் பழைய கிதாரின் பாதிகளை ஒட்டினார். ஒரு பக்கப் பிரடைகளும் புதியவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் வியன்னாவின் ஸ்டாஃபர் செய்த கிதார்களிலும், அவரிடம் வேலை கற்று அமெரிக்கா வந்த மார்ட்டினின் ஆரம்பக் கிதார்களிலும் அவை உண்டு.

ஆகவே ‘முதல்’ என்ற சொல்லை ட்ராவிஸுக்குக் கொடுக்க நான் வாதாடவில்லை. வேறொன்றைக் கொடுக்க வாதாடுகிறேன். மேலே சொன்ன கருவிகளில் சில சோதனைக்காகச் செய்தவை, சில கேலிக்கு ஆளானவை, சில விலைபோகாதவை. மெல்லிய திட உடல், ஒருபக்கத் தலை, உடலைத் துளைக்கும் தந்திகள், பிக்கப் எல்லாம் ஒன்றுகூடி, புகழின் உச்சியில் இருந்த ஒரு கலைஞரின் தோளில் தொங்கி, வாரா வாரம் நடனக் கூடத்தில் வேலை செய்தது ட்ராவிஸின் கிதார். இப்படிப்பட்ட கருவி தேவைதான், இது வேலைக்கு ஆகும் என்பதை மற்றக் கலைஞர்களுக்குக் கண்முன் காட்டியது அதுதான். வாசிப்பவனின் தேவையிலிருந்து நேராகப் புறப்பட்ட வடிவம் அது. இந்தப் பாதையில் அவர் தனியாளும் அல்ல. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடல் விலாவில் குத்தாமல் வளைந்திருப்பதற்கும், தந்தியைத் தாங்கும் குதிரை ஒவ்வொரு தந்திக்கும் தனியாகத் திருத்தக்கூடியதாக இருப்பதற்கும் பின்னால், தம் குறைகளை ஃபெண்டரிடம் விடாமல் சொன்ன பில் கார்சன் என்ற இன்னொரு வெஸ்டர்ன் ஸ்விங் கிதார் கலைஞர் இருக்கிறார்.

பிறகு நடந்தவை

1952இல் ட்ராவிஸ் தனக்கென்று சிறப்பாகச் செய்யப்பட்ட கிப்சன் சூப்பர் 400 கிதாருக்கு மாறினார். வயிறு பெருத்த, அகன்ற, பழைய பாணிக் கிதார். இதைச் சிலர் முரண்பாடாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டைவிரல் தட்டும் அந்த அடிச்சுரத்துக்குப் பெரிய வயிறு ஒரு கனத்தைக் கொடுக்கிறது. சிறுவயதில் கென்டக்கியில் அவர் கேட்ட ஒலியும் அதற்கு நெருக்கமானது. தேவை ஒன்று இருந்தபோது ஒன்றை வரைந்தார், வேறு தேவை வந்தபோது வேறொன்றை எடுத்துக்கொண்டார்.

1955இல் ‘சிக்ஸ்டீன் டன்ஸ்’ பாட்டை டென்னஸி எர்னி ஃபோர்டு பாடி நாடு முழுவதும் கேட்க வைத்தார். அடுத்த ஆண்டு கென்டக்கியின் எபனேசர் ஊரில் ட்ராவிஸுக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். குடியும் மாத்திரைகளும் அவருடைய நடு வயதைத் தின்றன. அந்த ஆண்டுகளைப் பற்றி விரிவாக எழுத மனம் வரவில்லை. 1974இல் அவரும் செட் அட்கின்ஸும் சேர்ந்து வாசித்த இசைத்தட்டு கிராமி விருது பெற்றது. வானொலியில் கேட்டுத் தப்பாகக் கற்றுக்கொண்டவரும் அவருடைய குருவும் ஒன்றாக வாசித்ததைக் கேட்கக் கிடைத்தது நம் பேறு. 1977இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. 1983 அக்டோபர் 20 அன்று ஓக்லஹோமாவின் டாலக்குவாவில் காலமானார்.

பிக்ஸ்பி 1960களின் நடுவில் தம் நிறுவனத்தை கிப்சனின் முன்னாள் தலைவர் டெட் மெக்கார்ட்டிக்கு விற்றுவிட்டு 1968இல் இறந்தார். அவர் செய்த கிதார்கள் மிகக் குறைவு, அவற்றைக் கண்ணால் பார்த்தவர்களும் குறைவு. ஆனால் அவர் பெயர் இன்றும் ஆயிரக்கணக்கான கிதார்களில் பொறித்திருக்கிறது. வயிற்றின் மேல் பளபளக்கும், சுரத்தை நடுங்கவைக்கும் அந்த அலுமினியக் கைப்பிடியை வாசிப்பவர்கள் ‘பிக்ஸ்பி’ என்றே சொல்கிறார்கள். சுதிக்குத் திரும்பாத எல்-10 கிதாரைத் தூக்கிக்கொண்டு ட்ராவிஸ் வந்தபோது, பிக்ஸ்பி முதலில் பழையதைச் சரிசெய்து பார்த்தார். அது மனத்துக்குச் சரியாகப் படவில்லை. பிறகு தானே புதிதாக ஒன்றைச் செய்தார். அதுதான் இது.